எல்லா ஜார்ஜ் ரூபாயும் தூய வெள்ளி அல்ல

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ஒரு ரூபாய் நாணயம் எதுவானாலும் அதில் 11.66 கிராம் தூய வெள்ளி இருப்பதாகவும், அதை அந்தந்த நாளின் வெள்ளி விலையால் பெருக்கிக் கொடுப்பதே நியாயம் என்றும் மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது. 11.66 கிராம் என்பது தேயாத நாணயத்தின் மொத்த எடை. 1938ஆம் ஆண்டு நாணயத்தில் வெள்ளி ஏறத்தாழ 10.69 கிராம், 1940 முதல் 1945 வரையிலானவற்றில் பாதியே, அதாவது 5.83 கிராம், பின்புறம் புலி உள்ள 1947 நாணயமோ முழுக்க நிக்கல், காந்தத்தில் ஒட்டும். புழங்கித் தேய்ந்தவை மேலும் எடை குறைந்திருக்கும் என்பதால், மும்பையின் நகைச் சந்தையான ஜவேரி பஜாரில் வாங்குவோர் ஆண்டைப் பார்த்து, தராசில் நிறுத்து, அந்த எடையை 1938 நாணயமானால் 0.917 ஆலும், 1940 முதல் 1945 வரையிலானதானால் 0.5 ஆலும் பெருக்கிய பின்னரே வெள்ளி விலையோடு ஒப்பிட வேண்டும். 1939 நாணயத்தின் விலையை அதன் அரிய தன்மையே தீர்மானிப்பதால், அதற்கு இக்கணக்கு பொருந்தாது. அதில் போலிகளும் உலவுவதால், அறிந்தவரிடம் காட்டாமல் வாங்கவே கூடாது.