277 வாக்குகள்

ஹாங்காங்கின் ஜனநாயக ஆதரவு அரசியல்வாதி ஆல்பர்ட் ஹோவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2013 ஜூன் மாதத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்டுவிட்டு ஹாங்காங்கில் இருந்த எட்வர்ட் ஸ்னோடனுக்குச் சட்ட ஆலோசனை சொல்லப் போனவர் அவர். பீட்சாவும் பொரித்த கோழியும் பெப்சியுமாக நடந்த அந்த இரவுச் சந்திப்பில், வந்தவர்களின் கைப்பேசிகளைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டார் ஸ்னோடன். சுவையான கதைதான். ஆனால் ஹோவின் அரசியலை எடைபோட 2010க்கும் 2015க்கும் போக வேண்டும் என்பது என் கருத்து.

வழக்கறிஞரான ஹோ 1995இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006இல் ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். 2010 மே மாதம் ஹாங்காங்கில் உள்ள பெய்ஜிங் அரசின் தொடர்பு அலுவலகத்துக்குள் சென்று பேச்சு நடத்திய கட்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியதும் அவரே. அங்கே கிடைத்தது இதுதான்: சட்டமன்றத்தின் 60 இடங்கள் 70 ஆகும், புதிய பத்தில் ஐந்து இடங்களுக்கு மாவட்ட மன்ற உறுப்பினர்கள் மட்டுமே போட்டியிடலாம், ஆனால் தொழில்வாரித் தொகுதி (குறிப்பிட்ட தொழில், துறை சார்ந்தவர்களுக்கு மட்டும் வாக்குள்ள தொகுதி) எதிலும் வாக்கில்லாத சாதாரண மக்கள், 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆண்டு, ஜனநாயக ஆதரவாளர்களின் ஜூலை 1 பேரணியில் கட்சியினரைத் துரோகிகள் என்று ஏசினார்கள். சிலர் கட்சியை விட்டே விலகினார்கள். பேச்சை மூடிய கதவுக்குள் நடத்தியதும், முழு வாக்குரிமைக்கு உறுதிமொழி ஏதும் வாங்காமல் வெளியே வந்ததும் பிழைகள் என்பதை நானும் ஏற்கிறேன். துரோகம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. நகர மக்களுக்குக் கூடுதலாக ஒரு வாக்கு வாங்கிக் கொடுத்தவரைத் துரோகி என்பது எந்த நியாயம்?

2012இல் ஹாங்காங் அரசின் தலைவரான தலைமை நிர்வாகி பதவிக்கும் அவர் நின்றார். 1,200 பேர் கொண்ட தேர்வுக் குழுவில் அவருக்கு விழுந்தவை 76 வாக்குகள். வென்ற லியுங் சுன்-யிங்குக்கு 689. தோற்பது தெரிந்தே நின்ற தேர்தல் அது. அதே ஆண்டு செப்டம்பரில் தாம் பேசி வாங்கிய புதிய இடங்களில் ஒன்றில் ஹோ வென்றார். கட்சி பின்னடைவு கண்டதால் தலைவர் பதவியை விட்டு விலகினார்.

அந்தச் சட்டமன்ற இடத்தைத் தக்கவைக்க அவருக்குத் தேவைப்பட்டது டுவென் முன் மாவட்டத்தில் உள்ள லோக் சூய் என்ற குட்டித் தொகுதி. மாவட்ட மன்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. பேருந்துத் தடம், நடைபாதைக் கூரை, முதியோருக்கு உதவி என்று அன்றாட வேலைதான். பெய்ஜிங் ஆதரவுக் கட்சிகள் பாம்புச் சூப்பு விருந்து, சைவ விருந்து, நிலவு அப்பம், இலையில் பொதிந்த அரிசிக் கொழுக்கட்டை என்று ஆண்டு முழுவதும் வாக்காளர்களைக் கவனித்துக்கொள்வதை ஹாங்காங்கில் நான்கே சீன எழுத்துகளில் கேலியாகச் சொல்வார்கள். ஆனால் 2015 நவம்பரில் ஹோ தோற்றதற்கு விருந்து மட்டுமே காரணமில்லை. சமரசக்காரர் என்று அவரைச் சாடிய தீவிரப் பிரிவைச் சேர்ந்த செங் சுங்-டாயும் அதே தொகுதியில் நின்றார். பெய்ஜிங் ஆதரவாளரான ஜூனியஸ் ஹோ (குடும்பப் பெயர் மட்டும்தான் ஒன்று) 277 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். செங் வாங்கிய வாக்குகள் அந்த வித்தியாசத்தைவிட அதிகம். மாவட்ட மன்ற இடம் போனதால் 2016இல் அந்தச் சட்டமன்ற இடத்துக்கு ஹோ நிற்க வழியில்லாமல் போயிற்று. அவரே பேசி ஒப்புக்கொண்ட விதி அது!

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 2019 நவம்பரில், மாவட்ட மன்றத் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில், தெருவில் அவரைத் தடிகளால் தாக்கினார்கள். 2021இல் அனுமதியற்ற பேரணி வழக்குகளில் சிறை; அதே ஆண்டு, 1989 தியானென்மென் படுகொலையின் நினைவேந்தலை நடத்திவந்த கூட்டணியின் நிர்வாகிகளில் ஒருவராகத் பெய்ஜிங் 2020இல் கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு; இடையில் நுரையீரல் புற்றுநோய். பேசிப் பார்க்கலாம் என்றவருக்கும் பேசவே கூடாது என்றவர்களுக்கும் கிடைத்தது ஒரே சிறை. 2010இல் அவர் பேசாமல் இருந்திருந்தால் இன்று நிலைமை மேலாக இருந்திருக்கும் என்று வாதிடுபவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

லோக் சூயை 2019இல் ஜனநாயகக் கட்சியின் இளம் வேட்பாளர் ஒருவர் ஜூனியஸ் ஹோவிடமிருந்து மீட்டார். அன்று நகரம் முழுவதும் 71 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2023இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாவட்ட மன்ற இடங்களை 452இலிருந்து 88ஆகக் குறைத்தபோது, லோக் சூய் என்ற தொகுதியும் வரைபடத்திலிருந்து போய்விட்டது.