அந்தத் தூக்குச்சட்டியை யார் கழுவுவது?

போன ஆடியில் ஒரு வாரம், எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரு பிளாஸ்டிக் கவரைக்கூட வெளியே போடாமல் சேர்த்து வைத்தேன். பால் கவர், மாவுக் கவர், மீன் வாங்கிய கவர், சட்னி கட்டிய குட்டிக் கவர் எல்லாவற்றையும் கழுவி, மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் 71. பாளையங்கோட்டையில் நாலு பேர் இருக்கிற சாதாரண வீடு எங்களுடையது. ஆடிக்காற்றில் அத்தனையும் சடசடவென்று அடித்துக்கொண்டதைக் கேட்டு அடுத்த மாடியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "என்னம்மா, கடை போடப் போறியா?" என்று கேட்டார்.

எண்ணிக்கையைவிட வேறொரு விஷயம்தான் அன்றைக்கு என்னை உறுத்தியது. 71 கவரையும் கழுவியது நான். எண்ணெய்ப் பிசுக்கு, மீன் கவிச்சி, உள்மடிப்பில் ஒட்டிய தேங்காய்ச் சட்னி எல்லாம் போக, சோப்புப் போட்டு ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிக் கழுவ, தினமும் அரை மணி நேரம் கூடுதலாக ஆனது. ஆபீஸிலிருந்து வந்து நின்ற காலோடு செய்த வேலை அது. வீட்டில் வேறு யாருக்கும் அந்த வாரத்தில் ஒரு வேலையும் கூடவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிளாஸ்டிக்கைக் குறைப்போம் என்று பேசுகிற எல்லோரும் பையைப் பற்றிப் பேசுகிறார்கள், பாத்திரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பாத்திரத்தைக் கழுவுகிற கையைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

"அந்தக் காலத்துல எல்லாம் இலையும் ஓலையும்தானே" என்று பெருமூச்சு விடுகிற பதிவுகளை நிறையப் பார்க்கிறேன். உண்மைதான். எங்கள் ஆச்சி வீட்டில் கருவாடு ஓலைப்பெட்டியில் வரும். உடன்குடிக் கருப்பட்டி ஓலைக்கொட்டானில் வரும். பதநீரைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில்தான் குடிப்போம். எண்ணெய்க்கென்று ஒரு தூக்குச்சட்டி, மோருக்கு இன்னொன்று. அந்த எண்ணெய்த் தூக்கை ஆச்சி சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்க்கிற சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். ஓலைப்பெட்டியின் அழகைப் பேசுகிறவர்கள் அந்த விரலையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பிளாஸ்டிக் குடம் வந்தபோது ஊரில் முதலில் சந்தோஷப்பட்டவர்கள் பெண்கள். பித்தளைக் குடம் வெறுங்குடமாகவே கனக்கும். அதில் தண்ணீரும் சேர்ந்தால் இடுப்பு என்னாகும்? தெருக்குழாயிலிருந்து நாலு நடை போய்வரும் அம்மாவுக்கு அந்தப் பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம் பெரிய உதவி. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பத்து வருஷம் உழைத்து, விளிம்பு உடைந்த பிறகு செடி வைக்கப் போன குடம் அது. என் சண்டை எல்லாம் ஓட்டலிலிருந்து வீட்டுக்கு வருகிற இருபது நிமிஷத்துக்காக மட்டும் பிறந்த சட்னிக் கவரோடுதான்.

மாவுக் கவரும் அப்படித்தான் வந்தது. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தும் ஊறப்போட, அரைக்க, கல்லைத் தூக்கிக் கழுவ ஒரு ராத்திரி வேண்டும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த ராத்திரியைத் திருப்பிக் கொடுத்தது கடைமாவுதான். "வீட்டுல மாவு அரைச்சா கவர் எதுக்கு?" என்று ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். நீங்கள் அரைப்பீர்களா என்று திருப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் அண்டாவிலிருந்து கரண்டியால் மொண்டுதான் கவரில் ஊற்றுகிறார்கள். மூடி போட்ட ஒரு சம்படத்தை நீட்டினால் அதிலும் ஊற்றுவார்கள். ஆறு மாதமாக எங்கள் வீட்டில் அப்படித்தான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அந்த முதல் சில மாதங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூக்காரம்மா மறுபடியும் வாழையிலையில் பூவைக் கட்டிக் கொடுத்தார். கறிக்கடையில் எவர்சில்வர் டப்பாவோடு வரிசையில் நின்றோம். பிறகு கொரோனா வந்தது, எல்லாமே பார்சல் ஆயிற்று, கவர் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது. நல்ல முயற்சி, மனசாரச் சொல்கிறேன். ஆனால் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பை மட்டும் எங்கள் வீட்டில் பதினொன்று இருக்கிறது. பதினொன்றும் பீரோவுக்குள் இருந்தன.

பையைப் பற்றி இன்னொன்று. கல்யாணத்திலும் ஜவுளிக்கடையிலும் கொடுக்கிற, துணி மாதிரியே தெரிகிற பை ஒன்று உண்டே, புள்ளி புள்ளியாக அச்சு விழுந்திருக்கும். அது துணியே அல்ல, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். ஓரத்தில் நூல் உருவிப் பாருங்கள். துணியென்றால் நூல் வரும், இதில் பஞ்சு மாதிரிப் பிய்ந்துகொண்டு வரும். 2019 தடைப் பட்டியலில் இந்தப் பையும் இருக்கிறது. இதைத் துணிப்பை என்று நம்பி இரண்டு வருஷம் நானே பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

அந்த 71-க்குத் திரும்ப வருகிறேன். பால் 14. நான் வாங்கி வந்தது 12. பையன் தின்ற சிப்ஸ், பிஸ்கட் வகையறா 7. மீதி 38-ம் என் வீட்டுக்காரர் கையோடு வந்தவை. அதில் ஒரு ராத்திரி டிபன் மட்டும் 17. நாலு பேருக்கு நாலு பொட்டலம். ஒவ்வொன்றிலும் இலைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தாள், சாம்பாருக்கு ஒரு கவர், இரண்டு சட்னிக்கு இரண்டு கவர், நாலு பொட்டலத்தையும் சேர்த்துப் போட்டுக் கொடுக்க ஒரு பெரிய கவர். கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் ஊற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, கத்தரிக்கோலால் வெட்டத்தான் வேண்டும். வெட்டும்போது கவர் கொழகொழவென்று கையில் தொங்கும். அந்தச் சூட்டில் அதிலிருந்து என்ன இறங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தபின் எனக்குச் சாம்பார் இறங்கவில்லை.

டீக்கடைப் பேப்பர் கப்பின் கதையும் இதுதான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால்தான் டீ ஒழுகாமல் நிற்கிறது. 15 நிமிஷம் சூடான திரவம் இருந்தாலே 100 மில்லியில் மைக்ரோபிளாஸ்டிக் என்கிற, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் 25,000 வரை கலக்கும் என்று 2020-ல் காரக்பூர் ஐஐடி ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். என் ஆபீஸில் இதைச் சொன்ன மறுநாளே ஆறு பேர் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவந்தார்கள். அவரவர் டம்ளரை அவரவரே கழுவுகிறோம்.

வீட்டுக்காரரிடம் கணக்கைக் காட்டினேன். கோபப்படவில்லை. "பை எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக அதே வீட்டில் இருப்பவர். பை எங்கே இருக்கிறது, தூக்குச்சட்டிக்கு மூடி எங்கே, எது காய்ந்தது, எது காயவில்லை என்பதெல்லாம் ஒரே ஒரு ஆளின் தலைக்குள் இருந்தால் அந்த வீட்டில் பிளாஸ்டிக் குறையவே குறையாது. அந்த ஆள் என்றைக்குச் சோர்ந்து போகிறாளோ, அன்றைக்கே 17 கவர் உள்ளே வந்துவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கே பீரோவிலிருந்து மஞ்சப்பைகளை எடுத்தேன். மூன்று அவர் வண்டி சீட்டுக்கு அடியில், இரண்டு பையன் பையில். டிபன் வாங்க மூன்று அடுக்குக் கேரியர் ஒன்றும் ஒரு தூக்குச்சட்டியும் வாசல் அலமாரியில். யார் வாங்கப் போகிறார்களோ அவர்கள் எடுத்துப் போக வேண்டும், சாப்பிட்ட பிறகு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குத்தான் வீட்டில் நாலு நாள் முணுமுணுப்பு. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எதை முதலில் நிறுத்துவது என்று குழம்புகிறவர்களுக்கு நான் ஒரு ஆளைக் காட்டுவேன். பழைய பேப்பர் வாங்க வருகிற அண்ணாச்சி. தண்ணீர் பாட்டில், எண்ணெய்க் கேன், உடைந்த வாளி எல்லாம் எடுத்துக்கொள்வார். கழுவிக் காயவைத்த பால் கவரையும் எடை போட்டுக் காசு கொடுப்பார். சிப்ஸ் கவரையும் ஷாம்பு பாக்கெட்டையும் தெர்மக்கோலையும் தொடவே மாட்டார். "இது எங்கயும் போகாதும்மா" என்பார். சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும், அதைப் பிரித்தெடுத்து உருக்கினால் அவருக்குக் கட்டுபடியாகாது. அவர் வேண்டாம் என்று ஒதுக்குவதை வீட்டுக்குள்ளேயே விடாமல் இருக்கப் பாருங்கள், பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

இந்தச் சின்னப் பாக்கெட் வியாபாரத்துக்கு நம் கடலூருக்கும் பெரிய பங்கு உண்டு. கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன்தான் ஷாம்பு போன்றவற்றைச் சிறு பாக்கெட்டில் போட்டு ஏழைகளும் வாங்கும்படி செய்தவர் என்று சொல்வார்கள். பெரிய பாட்டில் வாங்க வழியில்லாத பெண்ணுக்கு அது ஒரு மரியாதையைக் கொடுத்தது, அதை நான் மறுக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற என்னைப் போன்றவர்கள் இன்னும் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருப்பதற்குத்தான் காரணமே இல்லை. இப்போது எங்கள் வீட்டில் பெரிய பாட்டில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சீயக்காய்.

"பிளாஸ்டிக்கை ரோடு போட எடுத்துக்கிறாங்களே" என்பார்கள். ஆமாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டுபிடித்தார், 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தக் கலவைக்குச் சுத்தமான, காய்ந்த, தரம் பிரித்த பிளாஸ்டிக் வேண்டும். ரசம் சொட்டுகிற கவரை யார் கழுவிக் கொடுப்பார்கள்? அங்கேயும் ஒரு பெண்ணின் கைதான். நம் வீட்டில் பிரிக்காமல் விட்டதை, கையுறைகூட இல்லாமல் குப்பை வண்டியில் நின்றபடி ஒரு தூய்மைப் பணியாளர் அக்கா கிளறிப் பிரிக்கிறார். பிரிக்க முடியாதது எங்கள் ஊர் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடிக்கிற நாட்களில் அந்தப் பக்கத்து ஜனங்கள் படுகிற பாட்டைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மிச்சச் சோற்றைக் கவரில் போட்டுக் கட்டித் தெருவில் வீசுகிற பழக்கத்தை மட்டுமாவது இன்றைக்கே நிறுத்துங்கள், கையெடுத்துக் கேட்கிறேன். சோற்று வாசத்துக்கு மாடு கவரோடு சேர்த்து விழுங்கும். 2019 அக்டோபரில் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். ஒரு பெரிய அரிசி மூட்டை எடைக்கும் மேலே. அந்த வாயில்லா ஜீவன் அதைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் நடந்ததோ.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. ராத்திரிக்கு டயப்பர் வேண்டும். துணி கட்டலாமே என்று ஒரு உறவினர் சொன்னார். அதைத் துவைக்கப் போவது அவர் இல்லை, நான். அதோடு, ஈரத்தில் கிடந்து அத்தைக்குப் படுக்கைப்புண் வருவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். நோயாளிக்கும் குழந்தைக்கும் தேவைப்படுகிற பிளாஸ்டிக்குக்காக எந்தப் பெண்ணையும் யாரும் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

போன மாதம் மறுபடி ஒரு வாரம் எண்ணினேன். 26. அதில் பாதிக்கு மேல் பால் கவர். இப்போது பால் கவரை வெட்டும்போது மூலையைத் துண்டாக எடுப்பதில்லை. ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறல் மட்டும்தான். துண்டாகப் போனால் அந்த நகக்கண் அளவுப் பிளாஸ்டிக் சாக்கடையோடு போய்விடும், அண்ணாச்சி கைக்கு வராது. பாத்திரத்தில் ஊற்றிக் கொடுக்கிற மாட்டுக்காரர் ஒருவர் கக்கன் நகர்ப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். விடிகாலை அஞ்சரைக்குப் போய் வாங்க வேண்டும். யார் போவது என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நான் இல்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது.