அல்சூர் மொட்டை மாடிப் 'பரிசோதனை' குறித்து

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நடந்த கூத்தின் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே என்னைக் கிண்டலடித்தவர்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டு ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' இரண்டு கோப்புகளாக ஒலித்தது. எது ஒலித்தகவலில் கொஞ்சத்தைக் கழித்துச் சுருக்கிய எம்பி3, எது எதையும் கழிக்காத லாஸ்லெஸ் (ஃபிளாக்) என்று நான் சொல்ல வேண்டுமாம். மறுத்தேன். அதற்குத்தான் அத்தனை சிரிப்பு.

இரண்டும் ஒலித்தது ஒரே புளூடூத் ஸ்பீக்கரில். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் வீதம் உள்ள ஒலித்தகவலை எதையும் இழக்காமல் சுருக்கி வைப்பது ஃபிளாக். அதைப் புளூடூத்தில் அனுப்பும்போது செல்பேசி மறுபடி நசுக்குகிறது. எஸ்பிசி என்கிற புளூடூத்தின் சாதாரண சுருக்குமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 328 கிலோபிட்டோடு சரி. இரண்டு சட்னியையும் ஒரே மிக்சியில் அரைத்துவிட்டு, அம்மியில் அரைத்தது எது என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

நல்ல கருவியிலேயே 320 கிலோபிட் எம்பி3க்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது என்கிறார் ஒருவர். இருக்கட்டும். புளூடூத் பெட்டியை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் என் கட்சி.

கல்லூரி நாட்களில் நண்பன் கொடுத்த எம்பி3 தொகுப்பில்தான் இந்த ஆல்பத்தை முதலில் கேட்டேன். ஒன்றுக்குள் ஒன்று கரைய வேண்டிய பாடல்கள், இணையும் இடந்தோறும் விக்கி விக்கி நின்றன. பின்னர் சிடியை வயர் ஹெட்போனில் கேட்டபோதுதான், ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் கடிகாரக் கடையில் தனித்தனியாகப் பதிந்த கடிகாரங்கள் 'டைம்' பாடலின் தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அலறுவது காதில் ஏறியது. கடைசி இதயத்துடிப்புக்கிடையே ஸ்டுடியோ வாயிற்காப்பாளர் முணுமுணுக்கும் வாசகமும் அன்றுதான் கேட்டது. மாடியில் அந்த வாசகத்தைக் கீழ்த்தெரு ஆட்டோ ஹாரன் விழுங்கியது. அதுவும் பரிசோதனையாம்!

பணத்திமிர் என்று எழுதியவரே, என் ஹெட்போனின் விலை அந்த ஸ்பீக்கரின் விலையில் பாதிகூட இல்லை. 'தமிழனுக்கு எதற்கு வெள்ளைக்காரன் பாட்டு, ராஜா இல்லையா?' என்றவருக்கு: ராஜாவையும் நான் இப்படித்தான் கேட்கிறேன். பிங்க் ஃபிளாய்டில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் 2002இல் வந்து பாடிய பெங்களூரில் வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

பாட்டைப் பாட்டாகக் கேட்பவனைப் பார்த்தால் உங்களுக்கு ஏன் இத்தனை இளக்காரம்? பேச்சுக்குப் பின்னணியாக ஏதோ ஓடினால் போதும் என்பவர்களோடு நான் சண்டைக்கு வந்ததில்லையே. சிரித்ததைக்கூட மறந்துவிடலாம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வலையேற்றியதை எந்த நட்புக் கணக்கில் எழுதுவது?

பரிசோதனை வேண்டுவோர் கோப்புகளோடு என் வீட்டுக்கு வரலாம். வயர் என்னிடம் இருக்கிறது. ஆல்பம் முழுவதும் 43 நிமிடங்கள்தான். நடுவில் காணொளி எடுக்க நினைப்பவர்கள் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம்.