கண்ணாடியைப் பார்த்து ‘ஒண்ணுமில்ல’ என்றேன்

1987ல் வந்த ‘ஈவில் டெட் 2’ என்ற பேய்ப் படத்தில் ஒரு காட்சி. நாயகன் ஆஷ் கண்ணாடி முன் நின்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வான். கண்ணாடிக்குள் இருக்கும் ஆஷ் சட்டென்று வெளியே பாய்ந்து அவனைப் பிடித்துக்கொள்வான். காதலியை ரம்பத்தால் அறுத்துவிட்டு வந்து நிற்கிறோம், இதுவா நன்றாக இருப்பது என்று கேட்பான். கழுத்தை நெரிப்பான். அடுத்த நொடி பார்த்தால் ஆஷ் தன் கழுத்தைத் தன் கையாலேயே நெரித்துக்கொண்டு நிற்பான்.

கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது விசிடியில் பார்த்தேன். அன்றைக்குப் பயந்ததோடு சரி. அந்தக் காட்சி எனக்குப் புரிந்தது போன ஆடி மாதம்தான்.

வலது தோளில் மூன்று வாரமாக வலி இருந்தது. சட்டை மாட்டும்போது சுருக்கென்று பிடிக்கும். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. தினமும் ஜிம் கண்ணாடி முன் நின்று தோளைச் சுழற்றிப் பார்த்து, ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிக்கொண்டு, வலி ஸ்பிரே அடித்துவிட்டு பெஞ்சில் படுத்துவிடுவேன். அன்று 90 கிலோ. ஐந்தாவது முறை தள்ளும்போது உள்ளே எதுவோ நழுவியது. கூட இருந்தவர்கள் பாரைப் பிடித்துத் தூக்கினார்கள்.

மறுநாள் ஒருவர் பேச்சைக் கேட்டு, சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். அது இரண்டாவது தப்பு. வலி இரண்டு மடங்கானது. அப்புறம்தான் எலும்பு மருத்துவரிடம் போனேன். ஸ்கேனில் ரொட்டேட்டர் கஃபில் பாதிக் கிழிசல் என்று வந்தது. கை எலும்பைத் தோள் மூட்டுக் குழியில் பிடித்து வைத்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களுக்குத்தான், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்களுக்குத்தான், அந்தப் பெயர். நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் தசைப்பிடிப்பு மாதிரி நாலு நாளில் ஆறாது, மாதக்கணக்கில் ஆகும்.

வலியைவிட என்னை வதைத்தது வேறொன்று. எனக்கு 42 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அங்கே என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘ஜிம்மண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கையை ஸ்லிங்கில் தொங்கப் போட்டுக்கொண்டு நுழைந்த அன்று, “என்னங்ணா ஆச்சு?” என்று எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பெயர் மட்டும் அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. பத்து வருடமாக நான் யார் என்று கேட்டால் என் தோள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அது போனதும் கேள்வி மட்டும் மிச்சம் நின்றது. வீட்டில் குளியலறைக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்தேன். பாப்பா கேட்டதற்கு ரசம் போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

பேய்ப் படக்காரர்கள் கண்ணாடியை ஏன் விடுவதேயில்லை என்று அந்த நாட்களில்தான் யோசித்தேன். பின்னால் பேய் நிற்பதைக் காட்டித் தூக்கிவாரிப்போட வைப்பது சின்ன வித்தை. எனக்கு அதில் மரியாதை இல்லை. நல்ல படங்கள் வேறு இடத்தில் கை வைக்கின்றன. நான் செய்வதைத்தான் என் பிம்பம் செய்யும் என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிடுகின்றன. ஜோர்டன் பீல் எடுத்த ‘அஸ்’ படத்தில், 2019ல் வந்தது, ஒரு சிறுமி கடற்கரைப் பொருட்காட்சியின் கண்ணாடிக் கூடத்துக்குள் வழி தவறிப் போவாள். அங்கே எதிரில் தெரியவேண்டிய அவள் முகம் தெரியாது, பின்னந்தலை தெரியும். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்தி சாய்ந்தால் “கண்ணாடி பாக்காத சாமி” என்று என் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், எதற்குச் சொன்னார்களோ தெரியாது. ஆனால் மங்கலான வெளிச்சத்தில் பத்து நிமிடம் தன் முகத்தையே பார்க்கச் சொல்லி, இத்தாலியில் ஜியோவானி கபூட்டோ என்ற ஆய்வாளர் 50 பேரிடம் சோதித்தார். 2010ல் வெளியான அந்தக் கட்டுரையில், மூன்றில் இரண்டு பேருக்குத் தங்கள் முகமே பெரிதும் உருக்குலைந்து தெரிந்ததாக இருக்கிறது. நம் முகம்கூட நம் மூளை நொடிக்கு நொடி கட்டி நிறுத்துகிற ஒன்றுதான் போல.

1913லேயே ஜெர்மனியில் ‘பிராகின் மாணவன்’ என்று ஒரு மௌனப் படம் வந்துவிட்டது. பால்டுயின் என்ற ஏழை மாணவன் பொன்னுக்கு ஆசைப்பட்டு, அதைத் தருவதாக வந்த மந்திரவாதி ஒருவனிடம், தன் அறையில் இருப்பதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கையெழுத்துப் போடுவான். அந்த மந்திரவாதி பால்டுயினின் பிம்பத்தைக் கண்ணாடியிலிருந்து இறக்கிக் கூட்டிப்போய்விடுவான். கடைசியில் வெறுப்புத் தாங்காமல் பால்டுயின் அந்தப் பிம்பத்தைச் சுடுவான். குண்டு பாய்ந்து சாவது அவன்தான். காயம் பட்ட முதல் மாதம் என் தோளை நான் அப்படித்தான் வெறுத்தேன். துரோகி என்றுகூடத் திட்டியிருக்கிறேன். ஆனால் மூன்று வாரம் முன்கூட்டியே வந்து சொன்னது அந்தத் தோள்தானே? கேட்காமல் விட்டது நான்.

அம்மா ஒரு நாள் சொன்னார்கள்: “உங்கப்பனுக்கும் இதே தோள்தான் சாமி. நீ கண்டியா?” நான் கண்டதில்லை. அப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் முப்பது வருடம் பாவு பீம், அதாவது பாவு நூல் சுற்றிய கனமான உருளை, தூக்கியவர். வலது கை மேலே போகாமல் ஆனபோது, இடது கையால் சட்டை போடவும் சோறு அள்ளவும் பழகிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்தது சவரம் பண்ணுகிற கையளவுக் கண்ணாடி ஒன்றுதான். அதில் முகம் தெரியும், தோள் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னைத் திரும்ப ஜிம்முக்குக் கொண்டுபோனது பிசியோதெரபி அம்மா சொன்ன ஒரு விஷயம். ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், சும்மா இருக்கிற மறு கைக்கும் கொஞ்சம் பலம் ஏறுமாம். தேடிப் படித்தேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். மாற்றம் பெரும்பாலும் மூளையிலும் நரம்பிலும் நடக்கிறது. சரி என்று ஸ்லிங்கோடு போய், கண்ணாடி முன் நின்று இடது கையில் டம்பெல்லை எடுத்தேன். கண்ணாடிக்குள் எனக்கு எதிரே நிற்பவன் வலது கையைத் தூக்கினான். வலியில்லாமல், சுளுவாகத் தூக்கினான். எத்தனை நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையிலேயே எடுக்கிற மாய வலிக்கு 1990களில் இப்படி ஒரு கண்ணாடியைத்தான் வைத்தார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும். சிலருக்கு, வருடக்கணக்கில் இறுகிக் கிடந்த அந்த இல்லாத விரல்கள் பிரிந்தது போல இருந்ததாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். தோள் வலியே இல்லாத 96 பேரை 1995ல் ஸ்கேன் செய்து பார்த்ததில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நாணில் கிழிசல் இருந்தது. வயது ஏற ஏற அது அதிகம். எழுதியிருக்கிற வார்த்தையே உங்கள் தலையெழுத்து இல்லை. அதற்காக என்னைப் போலத் தள்ளிப்போடவும் வேண்டாம். நீவிவிடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பயந்துபோய்க் கையை மாதக்கணக்கில் அசைக்காமலும் வைக்காதீர்கள், தோள் இறுகிவிடும்.

எட்டு மாதம் ஆயிற்று. வலது கையில் இப்போது 5 கிலோ. போன வாரம் ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, கண்ணாடி முன் நின்று தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தான். முகம் சுருங்கி விரிந்தது.

“எத்தனை நாளா வலிக்குது தம்பி?”

“மூணு வாரமாச்சுங்ணா. ஒண்ணுமில்லீங்ணா. இன்னைக்கு ஒரு செட் மட்டும் போட்டுக்கறனுங்.”

பெஞ்சில் போய்ப் படுத்தான். நான் பார் பக்கத்தில் போய் இடது கையால் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தேன். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் சொல்லவில்லை.