ஏற்காடு ஏற குளிர்கால டயர் வேண்டுமா? உண்மை விளக்கம்

"டிசம்பரில் கேரவனில் (தங்கும் வசதியும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வண்டி) ஏற்காடு ஏறுபவர்கள் எம் ப்ளஸ் எஸ் (M+S, அதாவது சேறு, பனி) முத்திரையுள்ள குளிர்கால டயர் மாட்டியே ஆக வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

குளிர்கால டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழும் இறுகாதபடி மென்மையாகச் செய்யப்படுவது. ஏற்காட்டில் டிசம்பர் இரவுகூட வழக்கமாக 10 டிகிரிக்கு மேல்தான். சாலையை மூடுவது மூடுபனி, உறைபனி அல்ல. சேலத்து வெயிலில் அந்த டயர் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் தூரமும் கூடும்.

எம் ப்ளஸ் எஸ் என்பது தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் குறி. பனிச் சோதனையில் தேறிய டயரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் இந்தப் படம் இல்லாததைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை.

20 கொண்டை ஊசி வளைவிலும் டயரை வதைப்பது எடைதான். 100 லிட்டர் தண்ணீர் என்றாலே 100 கிலோ. தொட்டியை நிரப்பி, ஆட்களோடு எடைமேடையில் ஒவ்வொரு அச்சையும் தனியாகப் போட்டுப் பாருங்கள். டயரில் எடை தாங்கும் குறியீடு 112/110 என்றிருந்தால், ஒற்றைச் சக்கரம் தாங்குவது அதிகபட்சம் 1120 கிலோ, ஒரே பக்கம் ஜோடியாக மாட்டிய இரட்டையில் ஒவ்வொன்றும் 1060 கிலோ. இரட்டைச் சக்கரமென்றால் குனிந்து நடுவிலும் பாருங்கள். அங்கே மாட்டிய ஜல்லி பக்கச்சுவரை அறுத்துவிடும்.

மழைக்கு டயர்ப் பட்டனின் (வரிப்பள்ளத்தின்) ஆழம் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கவே குறைக்காதீர்கள்: பக்கச்சுவர் மடங்கிச் சூடேறி டயர் வெடிக்கும்.