பேறுகாலச் சம்பளம் யார் கல்லாவிலிருந்து வர வேண்டும்?

காரைக்குடியில் ஒரே தெருவில் நான்கு பெண்கள் கருவுற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பெண் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். 2021 ஜூலையிலிருந்து தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. இரண்டாவது பெண் இருபது பேர் வேலை பார்க்கும் துணிக்கடையில் 12,000 ரூபாய்க்கு நிற்கிறார். ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குச் சந்தா பிடிக்கிறார்கள், அதனால் 26 வாரச் சம்பளம் ஈஎஸ்ஐ கொடுக்கும். மூன்றாவது பெண் தனியார் மருத்துவமனையில் செவிலியர், சம்பளம் 24,000. அவருக்கும் 26 வாரம்தான், ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவர் மருத்துவமனை முதலாளி. நான்காவது பெண் பலகாரக் கடையில் கைமுறுக்குச் சுற்றுகிறார். அங்கே மொத்தமே ஆறு பேர், பத்துப் பேராவது இருந்தால்தான் சட்டம் பொருந்தும். அவருக்குச் சட்டப்படி ஒரு நாள் சம்பளம்கூடக் கிடையாது.

நான்கு பேருக்கும் வலி ஒன்றுதான். பிறக்கும் குழந்தைக்குத் தேவைப்படும் தாய்ப்பாலும் ஒன்றுதான். குடும்ப விடுப்புக்கு அரசு பணம் போட வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் போட வேண்டும் என்பேன். அரசு மட்டுமே சுமக்க வேண்டாம், முதலாளி தலையில் மொத்தமாகக் கட்டவும் வேண்டாம். தொழிலாளி, முதலாளி, அரசு மூவரும் சேர்ந்து போடும் பொதுப் பணமாக அது இருக்க வேண்டும்.

முதலில் செவிலியர் கதைக்கு வருவோம். 1961 மகப்பேறு நலச் சட்டம் 12 வாரம் கொடுத்தது. 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. அருமையான திருத்தம். ஆனால் விடுப்பை இரட்டிப்புக்கு மேல் நீட்டியவர்கள் பணத்துக்கு வழி சொல்லவில்லை. ஈஎஸ்ஐ வரம்பு மாதச் சம்பளம் 21,000. அதைத் தாண்டிய பெண்ணுக்கு முதலாளிதான் முழுதாகக் கொடுக்க வேண்டும். 24,000 சம்பளம் என்றால் ஆறு மாதத்துக்கு 1,44,000. அந்த ஆறு மாதத்துக்கு வேறு ஒரு செவிலியரை வைத்தே ஆக வேண்டும், அதற்கு இன்னொரு 1,44,000. முப்பது படுக்கை உள்ள மருத்துவமனைக்கு இது சின்னத் தொகை இல்லை.

இதனால்தான் நேர்காணலில் 'கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை இருக்கா' என்ற கேள்வி வருகிறது. தனியார் பள்ளிகளில் இதற்கு ஒரு சுத்தமான ஏற்பாடே உண்டு: 'இப்ப ரிசைன் பண்ணிடுங்க டீச்சர், ஜூன்ல புதுசா சேர்ந்துக்கலாம்.' கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் விடுப்பும் போச்சு, சர்வீஸும் போச்சு. மகப்பேறுக் காலத்தில் வேலையை விட்டு நீக்குவது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. அவராகவே எழுதிக் கொடுத்த ராஜினாமாவைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

இந்தச் சிக்கல் உலகத்துக்குப் புதிதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 103ஆம் உடன்படிக்கையே, மகப்பேறுப் பணத்துக்கு முதலாளி தனியாளாகப் பொறுப்பாகக் கூடாது, அது காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும் என்று எழுதிவைத்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. 2018 நவம்பரில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், 15,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் பெண்களுக்கு 7 வாரச் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்றைப் பற்றிப் பேசியது. பேச்சோடு நின்றது. 2025 நவம்பர் 21 முதல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பழைய மகப்பேறுச் சட்டமும் ஈஎஸ்ஐ சட்டமும் அதற்குள் போய்விட்டன. பணம் யார் கொடுப்பது என்பதில் மட்டும் மாற்றம் இல்லை.

இப்போது துணிக்கடைப் பெண். இவர் விஷயத்தில்தான் வழி இருக்கிறது. ஈஎஸ்ஐ சந்தா சம்பளத்தில் 4 சதவீதம்: முதலாளி 3.25, தொழிலாளி 0.75. அவரது 12,000 சம்பளத்துக்கு முதலாளி 390, அவர் 90. பிரசவத்தின்போது ஏறக்குறைய 72,000 அவர் கணக்குக்கு வரும். முதலாளிக்கு அந்த ஆறு மாதமும் அவர் சம்பளம் மிச்சம். அதை வைத்துத் தை முகூர்த்தத்துக்கும் ஆடித் தள்ளுபடிக்கும் மாற்று ஆள் போட்டுக்கொள்ளலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் அந்தக் கடையில் கல்யாணமான பெண் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் ஈஎஸ்ஐயிலும் எங்கே இடறும் என்று தெரிந்திருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஆகஸ்டில் பிரசவம் என்றால் போன வருஷம் ஏப்ரலிலிருந்து இந்த வருஷம் மார்ச் வரை கட்டியதைத்தான் பார்ப்பார்கள். ஏப்ரலுக்குப் பிறகு கட்டியது அந்தப் பிரசவத்துக்கு உதவாது. 'ஆறு மாசம் போகட்டும், அப்புறம் பேர் சேர்க்கலாம்' என்று தள்ளிப்போடும் கடைகளில் பல பெண்களுக்குப் பணம் கைவிட்டுப் போவது இங்கேதான். இரண்டாவது, கையில் 12,000 கொடுத்துவிட்டுப் பட்டியலில் 7,000 காட்டுவது. சந்தா குறையும், பேறுகாலப் பணமும் அதே அளவில் குறையும். புதிய சட்டத் தொகுப்பில் சம்பளத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸாகக் காட்டித் தப்ப முடியாது என்பது ஒரு ஆறுதல்.

மூன்றாவது இடறல் இனிஷியல். ஈஎஸ்ஐ அட்டையில் அப்பா பெயரின் முதலெழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு திறந்த வங்கிக் கணக்கில் கணவர் பெயரின் முதலெழுத்து, ஆதாரில் இரண்டுமில்லாமல் முழுப் பெயர். மூன்றும் ஒன்றாகும்வரை பணம் நிற்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். வேலை காரைக்குடியில், ஈஎஸ்ஐ மருந்தகமும் இங்கே, அம்மா வீடு இளையான்குடியில். சான்றிதழ் வாங்க ஒன்பதாம் மாதத்தில் பஸ் ஏற வேண்டியிருக்கும். ஏழாம் மாதம் வளையல் போடுவதற்கு முன்பே பெயரைச் சரிபார்த்து, மருந்தகத்தையும் அம்மா ஊர்ப் பக்கம் மாற்றிக்கொள்வது நல்லது.

நான்காவது பெண்ணுக்கு வருவோம். செட்டிநாட்டின் பெருமை என்று நாம் படம் போடும் பொருள்களில் பாதி இவரைப் போன்றவர்கள் கையால் வருவது. மாவைப் பிசைந்து, விரலால் முறுக்கி முறுக்கிச் சுற்று சுற்றாக வைக்க வேண்டும். தரையில் சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். எட்டாம் மாதத்தில் குனிய முடியாது, பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியின் காந்தல் வேறு. கூலி கிலோவுக்கு இவ்வளவு. சுற்றாத நாளில் கூலி இல்லை. ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றித் தரைக்கல் போடும் பட்டறைகள் பலவற்றிலும் இதே நிலைமை. பத்துப் பேர் இல்லை என்பதால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. பத்தாவது ஆள் வந்தால் ஈஎஸ்ஐ கட்ட வேண்டும் என்று ஒன்பதிலேயே பதிவேட்டை நிறுத்திவைக்கும் இடங்களும் உண்டு.

இவருக்கு முக்கியமாகக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவிதான். புதுக்கோட்டையில் பிறந்த அந்த அம்மையாரின் பெயரில் நடக்கும் திட்டத்தில் 18,000. அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம், ரொக்கம் 14,000, அதுவும் தவணை தவணையாக. இந்தத் திட்டம் பல உயிர்களுக்கு ஊட்டம் கொடுத்திருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நாள் கூலி 400 என்றால் 14,000 என்பது 35 நாள் கூலி. அதனால்தான் பச்சை உடம்போடு நாற்பதாம் நாளே திரும்பி வந்து உட்காருகிறார்கள்.

என்ன செலவாகும்? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். நூறு பெண் தொழிலாளர்களில் வருஷத்துக்கு நான்கு பேருக்குப் பிரசவம், சம்பளம் 12,000. நான்கு பேருக்கு 26 வாரத்துக்கு 2,88,000. நூறு பேருக்கும் பிரித்தால் ஒருவருக்கு மாதம் 240. ஆண்களிடமும் அதே சந்தா வாங்கினால், ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்கும் இடத்தில் தலைக்கு 120. ஆண்களிடமும் வாங்குவதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். பெண்ணுக்கு மட்டும் சந்தா என்று வைத்தால் பெண்ணை வேலைக்கு எடுப்பது மறுபடியும் செலவாகிவிடும்.

அப்பாவுக்கு 15 நாள் சேர்த்தால் தலைக்கு இன்னும் 10. அப்பா அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்த்துக்கொள்ள 12 நாள், நூற்றில் பத்துப் பேர் எடுக்கிறார்கள் என்று வைத்தால் இன்னும் 40. மொத்தம் 170, சம்பளத்தில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு. முதலாளி 60, அரசு 60, தொழிலாளி 50. வியாபாரத்தில் வரும் காசில் ஒரு பங்கை மகமை என்று எடுத்துவைத்துக் கோயிலும் ஊருணியும் பள்ளிக்கூடமும் நடத்திய ஊர்கள் இவை. பொதுவில் போட்டுப் பொதுவில் எடுப்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் விடுப்பை ஏன் சேர்க்கிறேன் என்றால், ஈஎஸ்ஐ நோய்க்காலப் பணம் காப்பீடு பெற்றவரின் சொந்த நோய்க்கு மட்டும்தான், 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள். அப்பாவுக்குப் பக்கவாதம் என்றால் ஒரு பைசா வராது. கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கும் 12 நாள் தற்செயல் விடுப்பை எடுக்க வேண்டும், அதன் பிறகு சம்பளம் வெட்டு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் முகப்பு முதல் அடுப்படி வரை நீளும் வீடுகளில் ஆச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய அம்மா படுத்தால் அவர்களுக்கு விடுப்பு கொடுப்பவர் யார்? வீட்டுவேலையில் இருப்பவர்களையும் இந்தச் சந்தாவுக்குள் கொண்டுவர வேண்டும். முதலாளி பங்கை அந்த வீட்டுக்காரர் கட்டட்டும்.

போலி ஆள் சேர்த்துப் பணம் எடுப்பார்கள் என்று சொல்வார்கள். எடுக்கப் பார்ப்பார்கள்தான். அதற்கு 70 நாள் சந்தா விதியும், பிறப்புப் பதிவும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டும் போதுமான கடிவாளம். கிலோக் கணக்கில் கூலி வாங்குபவருக்குச் சம்பளம் எப்படிக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு 1961 சட்டத்திலேயே விடை இருக்கிறது: முந்தைய மூன்று மாதச் சராசரி.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளும் விரும்பினால் ஈஎஸ்ஐயில் சேரலாம் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. விரும்பினால் என்று விட்டால் யாரும் சேர மாட்டார்கள். மகப்பேறுக்கு மட்டுமாவது இதைக் கட்டாயமாக்கி, பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் முதல் மூன்று வருஷத்துக்கு முதலாளியின் 60 ரூபாயையும் மாநில அரசே கட்டட்டும். பதிவை மாவட்டத் தலைநகருக்கு அலையவிடாமல் ஊராட்சியின் இ-சேவை மையத்திலேயே, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியரின் பட்டியலோடு இணைத்துச் செய்யட்டும். பணத்தையும் பிரசவம் முடிந்து மொத்தமாகத் தராமல், விடுப்பு தொடங்கிய நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை கணக்கில் போடட்டும்.