கைதட்டியவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன்

சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. வந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் சாயங்காலத்துக்குள் ஐந்து விதமாகச் செய்தி போய்விட்டது. எழுந்து நின்று, "கலை இரவுக்குத் தமிழ் நாடகம் வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க விடுங்கள்" என்று பேசிய அன்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. (இருக்கிறது. ஆறிவிடும்.) ஆறாதது, அவர் உட்கார்ந்ததும் எழுந்த கைதட்டல்.

மூன்று நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன். "உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முக்கியம். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் நாடகத்துக்குப் போகும் நேரம் எவ்வளவு என்று கைதட்டியவர்களில் ஒருவராவது கணக்குப் போட்டீர்களா? ஆறு புதன்கிழமை, விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடம் முடிந்தபின் இரண்டிரண்டு மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம். நம் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளி, சனி இரண்டு நாளில் கைப்பேசியில் தொலைப்பது அதைவிட அதிகம். அதற்கு எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து நிற்பதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இடம் யாருக்கு என்று முடிவு செய்யும் மெரிட் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. ஒரு புள்ளி, இரண்டு புள்ளியில் இடம் போய்விட்டது என்று ஆண்டுதோறும் அழுகிறோம். அழுதுவிட்டு, அந்தப் பத்துக்கு வழி செய்பவற்றில் ஒன்றை நாமே இழுத்து மூடுகிறோம். அதற்குக் கைதட்டு வேறு.

சரி, புள்ளியை விடுங்கள். புள்ளிக்காக நாடகம் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இப்படித்தான் எனக்கும் பேச்சு, படிப்பு படிப்பு என்கிறவர்கள் பக்கமே இழுத்துக்கொண்டு போகிறது.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் காலைச் சபையில் தமிழிலேயே பேசிப் பழகிய பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் ஒரே நாளில் ஊமையாகிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் அங்கே தமிழ் வகுப்பு, அதுவும் முடிந்தால். அந்த வகுப்பும் பல பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியே, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு. நம் பள்ளியில் ஓர் ஆண்டு முழுவதும் ஒலிபெருக்கியில் தமிழ் கேட்கும் நேரம் எவ்வளவு? கலை இரவில் அந்த இருபது நிமிடம். அவ்வளவுதான். அந்த இருபது நிமிடத்தைத்தான் நீங்கள் கைதட்டி அனுப்பிவைத்தீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

1988. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் படிவத்துக்கு முன்னால் வரும் புகுமுக வகுப்பு முடித்து, முதல் படிவம் தாண்டி, இரண்டாம் படிவத்தில் இருந்தேன். தமிழாசிரியர் பதினைந்து நிமிட நாடகம் ஒன்று எழுதினார். ரப்பர் தோட்டத்து ஆபீஸ் வாசலில் விடியற்காலைப் பெரட்டு, அதாவது வேலையாட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, அதுதான் காட்சி. எனக்குக் கிராணி வேடம், தோட்டத்து ஆபீஸ் கணக்கர். திறமை பார்த்துக் கொடுத்ததில்லை. நீளக் காலுறை போட்டால் கிராணியின் கால் மாதிரியே இருக்கிறதாம். எல்லாம் கிடைத்தது, சப்பாத்து கிடைக்கவில்லை. பள்ளிச் சப்பாத்து அப்போது வெள்ளை. கிராணிக்குக் கறுப்பு வேண்டும். தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் கறுப்புச் சப்பாத்து வைத்திருந்தவர் யாரும் இல்லை.

அப்பா பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். கிராணியை நிமிர்ந்து பார்த்துப் பேசியதே இல்லை. அவர் அன்று சாயங்காலம் குளித்து, சட்டை மாற்றி, கிராணி வீட்டுப் பின்வாசலில் போய் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சோடி சப்பாத்து இருந்தது. என் காலுக்கு இரண்டு அளவு பெரிது. சுற்றி வந்த தாளையே முனையில் திணித்துக்கொண்டேன்.

நாடகத்துக்குக் கிராணியும் வந்துவிட்டார். அவரை வைத்துக்கொண்டே, அவருடைய சப்பாத்தில் நின்றுகொண்டே, தாமதமாக வந்தவனைப் பார்த்து "அரை நாள் சம்பளம் வெட்டு!" என்று கத்தினேன். மண்டபம் சிரித்தது. அதிகம் சிரித்தவர் கிராணி. சிரிக்காதவர் அப்பா ஒருவர்தான். அவர் கண் என் காலிலேயே இருந்தது, சப்பாத்து தரையில் உரசுகிறதே என்று. இரவு ஈரத்துணியால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, மறுநாள் பெரட்டுக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதன்பிறகு பல நாள் பெரட்டில் கிராணி அவரைப் பார்த்து, "என்னய்யா, உன் மகன் இன்றைக்கு யாருக்குச் சம்பளம் வெட்டினான்?" என்று கேட்பாராம். பால் எத்தனை கிலோ என்பதைத் தவிர அவர் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி அது.

இதற்கு எஸ்.பி.எம்மில் என்ன கிரேடு என்று கூட்டத்தில் பேசிய அன்பரிடம்தான் கேட்க வேண்டும். என் கணக்குப் பாடம் மயிரிழையில் தேறியது உண்மை. அதற்கு நாடகம் காரணம் இல்லை, கணக்குதான் காரணம்.

அதே 1988-இல்தான் ஜொகூர் பாருவில் சீனச் சமூகத்தினர் 24 முரசுகளை ஒன்றாக நிறுத்தி அடிக்கும் கலையைத் தொடங்கினார்கள். உழவர்களின் நாட்காட்டியில் உள்ள 24 பருவங்களுக்குப் பருவத்துக்கொரு முரசு. பள்ளிப் பிள்ளைகளை வைத்தே வளர்த்தார்கள். 2009-இல் அது நாட்டின் தேசிய மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. நம் பள்ளியிலும் ஒரு குழு இருக்கிறது. வியர்வை சொட்டச் சொட்டப் பழகுகிறார்கள். முரசு அடித்தால் கணக்கு வராது என்று எந்தச் சீனப் பெற்றோரும் நம் கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. மலாய்ப் பிள்ளைகள் கைதட்டிக் குழுவாகப் பாடும் "டிக்கிர் பாராட்" கலையை நிறுத்துங்கள் என்றும் யாரும் கேட்கவில்லை. நம்முடையதை நிறுத்த நம்மவரே போதும்.

"உனக்கென்ன, உன் பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள்" என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். ஆமாம், முடித்துவிட்டார்கள். அதனால் வாயை மூட வேண்டுமா? ஆசிரியர்களுக்கு வேலைப்பளு என்கிறார் இன்னொருவர். அந்த ஆசிரியை தானாக முன்வந்துதான் செய்கிறார். அவருக்காக நீங்கள் களைப்படைய வேண்டாம். ஒத்திகைக்கு நின்றால் வேன் போய்விடுகிறது, தோட்டத்துப் பிள்ளைகள் எப்படி வீடு திரும்புவது என்று ஓர் அம்மா கேட்டார். கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அது. அதற்கு யாரும் கைதட்டவில்லை. பதிலும் சொல்லவில்லை.

இவ்வளவு எழுதியபிறகு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் தூங்கவிடாதது படிப்பு விஷயமே இல்லை. அன்பர் இடையில் ஒரு வாக்கியம் சொன்னார், கவனித்தீர்களா? "உறுமி அடிக்கிற அந்த மாதிரித் தோட்டத்துப் பையன்களோடு நம் பிள்ளைகளைச் சேர்த்து..." முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த இடத்தில்தான் சிலர் தலையாட்டினார்கள்.

எந்த மாதிரி, ஐயா? ஒத்திகைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலி அடுக்குகிறானே, புள்ளி வரிசையில் கடைசி வகுப்புப் பையன், அந்த மாதிரியா? வகுப்பில் அவன் பெயரைச் சொல்லி யாரும் பாராட்டியதில்லை. உறுமியை எடுத்தால் மண்டபமே அவன் பக்கம் திரும்புகிறது. மாரியம்மன் திருவிழாவில் அதே உறுமி முன்னால் போனால்தான் உங்கள் வீட்டுப் பால்குடம் நகர்கிறது. அங்கே அருள், பள்ளிக்கூடத்தில் ரௌடித்தனமா?

நானும் இப்போது தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்கு வந்த தாமான்காரன்தான். வாசலில் இரும்புக் கேட், இரண்டு கார். நான் குடியிருக்கும் வரிசை முழுவதும் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடம். அன்பர் குடியிருப்பதும் அதே தாமான், இரண்டு தெரு தள்ளி. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே பெரட்டில் நின்றவர்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பள்ளியிலிருந்து கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை. வரும்வரை ஒத்திகை நடக்கும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். நாளை மறுநாள் புதன், இரண்டரை மணிக்கு, பழைய மண்டபத்தில். வேன் போய்விடும் என்று கவலைப்படுகிறவர்கள் என்னை அழையுங்கள். என் காரில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது, மகனும் அவன் காரைத் தருகிறான். செம்பனைக் காட்டுக்குள் கடைசி வீடு வரை கொண்டுபோய் விடுகிறேன். நடிகர் பட்டியலில் அன்பரின் மகள் பெயரும் இருக்கிறது, மூன்றாவதாக. அந்தப் பிள்ளைக்கும் இடம் வைத்திருப்பேன்.